மலையே இல்லாத ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஏன் இரண்டு மலை வரைகிறார்கள்?

உப்புக்காற்று எழுதியது:

வேதாரண்யம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஓவிய ஆசிரியை இல்லை, எல்லாப் பாடமும் எடுக்கிற சாதாரண டீச்சர். எங்கள் பக்கம் மலை கிடையாது. கோடியக்கரை ராமர் பாதம் மேட்டை மலை என்று ஒப்புக்கொண்டால் உண்டு, மற்றபடி கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளமும் சவுக்குத் தோப்பும் கடலும்தான். மலை பார்க்க வேண்டுமென்றால் திருச்சி வரைக்கும் பஸ் ஏற வேண்டும்.

போன வாரம் கடைசிப் பீரியடில் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து "எது வேணும்னாலும் வரைங்க, உங்க இஷ்டம்" என்றேன். முக்கால்வாசிப் பேர் என்ன வரைந்திருப்பார்கள் என்று இதைப் படிக்கிற யாருமே சொல்லிவிடுவீர்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அதைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கதிர், மலையிடுக்கிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, இந்தப் பக்கம் ஒரு குடிசை, அந்தப் பக்கம் ஒரு தென்னை மரம், மேலே டிக் அடித்த மாதிரி நாலு பறவை. நான் நான்காம் வகுப்பில் வரைந்ததும் இதேதான். என் அம்மா வரைந்ததும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், அப்பா அம்மா இரண்டு பேருமே உப்பளத்தில் வேலை. எந்தப் பாத்தியில் எப்போது தண்ணீர் கட்டுவது, மழை வந்தால் அம்பாரத்தை எப்படி மூடுவது, பூநாரை எந்த மாதம் வந்து இறங்கும், எல்லாம் தெரியும், வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டாள். அவளும் மலைதான். "உப்பளத்தை வரையலாமே" என்று கேட்டேன். "அதெல்லாம் படத்துல வராது டீச்சர்" என்றாள்.

பயிற்சிகளில் "ஒவ்வொரு குழந்தையும் பிறவியிலேயே படைப்பாளி" என்று சொல்லிச் சொல்லிக் காது புளித்துவிட்டது. அப்படியென்றால் நான்காம் வகுப்புக்கு வருவதற்குள் அது எங்கே போய்விடுகிறது? உண்மையிலேயே எல்லோருக்கும் இருக்கிறதா, இல்லை சிலருக்குத்தானா? இருக்கிறது என்றால் நான் என்ன செய்யலாம்? வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்க முடியும். காசு அதிகம் போட முடியாது, கலர் பென்சில் கூட ஆளுக்கொரு பெட்டி கிடையாது. தத்துவமாகச் சொல்லாமல் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பென்சில்சீவி எழுதியது:

டீச்சர், நான் ஓவிய ஆசிரியர்தான். 2012ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆறிலிருந்து எட்டு வரைக்கும் எடுக்கிறேன். அந்த இரண்டு மலையை நான் பார்த்த அளவுக்கு இமயமலையை எந்த ஷெர்பாவும் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் அந்த மலை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். அது மலையைப் பார்த்து வரைந்த படம் இல்லை, இன்னொரு படத்தைப் பார்த்து வரைந்த படம். அக்கா வரைந்ததைத் தம்பி பார்க்கிறான், அவன் வரைந்ததைப் பக்கத்து பெஞ்சு பார்க்கிறது, இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. 1977ல் அமெரிக்காவில் பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற இரண்டு கலைக் கல்வியாளர்கள் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார்கள். குறிப்பிட்ட வயதுக்கு மேல் பிள்ளைகள் உலகத்தைப் பார்த்து வரைவதை விட மற்றவர்கள் வரைந்த படங்களைப் பார்த்து வரைவதுதான் அதிகம் என்றார்கள். அங்கே காமிக்ஸ், டிவி நாயகர்கள். இங்கே மலை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது, அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ரோடா கெல்லாக் என்ற அம்மையார் சான் பிரான்சிஸ்கோவில் நர்சரிப் பள்ளிகளை நடத்தியவர், பல நாடுகளிலிருந்தும் சின்னப் பிள்ளைகளின் கிறுக்கல்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார், சேர்ந்தது பத்து லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. அதில் அவர் கண்டது, எந்த நாட்டுப் பிள்ளையானாலும் ஏறக்குறைய ஒரே வழியில் போகிறது என்பது. முதலில் வெறும் கிறுக்கல், அப்புறம் வட்டம், வட்டத்துக்குள் குறுக்குக் கோடு, வட்டத்துக்கு வெளியே கதிர், அந்தக் கதிரில் நாலு மட்டும் மிஞ்சிக் கையும் காலும் ஆகும்போது அது ஆள். உங்கள் ஊர் அங்கன்வாடிக்குள் எட்டிப் பாருங்கள், தலையிலிருந்தே நேராகக் கால் முளைத்த ஆட்கள் சுவரில் நிற்பார்கள். எந்த டீச்சரும் அப்படிப் போடச் சொல்லியிருக்க மாட்டார். பிறவியிலேயே இருக்கிறதா என்று கேட்டீர்களே, என்னைக் கேட்டால் அந்தச் சுவரே போதும்.

சரி, அப்புறம் என்ன ஆகிறது? ஏழெட்டு வயதில் பிள்ளைக்குக் கண் வந்துவிடுகிறது. தான் வரைந்த மாடு மாடு மாதிரி இல்லை என்று அதற்கே தெரிகிறது, பக்கத்தில் இருப்பவன் வேறு "இது என்னடா, நாயா?" என்று சிரிக்கிறான். அந்த நேரத்தில் கைக்கு அகப்படுவது மலை. தப்பே வராது, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், யாரும் சிரிக்க மாட்டார்கள். நீங்கள் "உங்க இஷ்டம்" என்று சொன்னது அவர்கள் காதில் "டீச்சர் திட்டாத மாதிரி ஏதாவது வரை" என்றுதான் விழுந்திருக்கும். அதற்கு மலைதான் சரியான பதில், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

அதனால் மலையைப் பதிலாகக் கொடுக்கவே முடியாத கேள்வியாகக் கேளுங்கள். நான் அடிக்கடி கொடுப்பது இது: உன் வீட்டுக் கூரையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ராத்திரி எல்லோரும் படுத்திருக்கும்போது மேலே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? ஒரு பையன் தாத்தாவின் கயிற்றுக் கட்டிலை வாசற்படிக்குக் குறுக்கே போட்டு, பக்கத்தில் கொசுவத்திச் சுருளும் வரைந்தான், சுருளில் பாதி எரிந்துபோயிருந்தது. இன்னொரு பெண் எல்லோரும் தூங்க டிவி மட்டும் ஓடிக்கொண்டிருப்பதாக வரைந்தாள். பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்றபோது உன் கண்ணுக்கு நேரே என்ன தெரிந்தது, பல் விழுந்த அன்றைக்குக் கண்ணாடியில் வாய் எப்படி இருந்தது, இந்த மாதிரி எதுவும் ஓடும். யாரும் இதற்கு முன்னால் வரைந்து வைக்காததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விதி உங்களுக்கு. போர்டில் எதையும் வரைந்து காட்டாதீர்கள், காட்டினால் அடுத்த பத்து வருஷத்துக்கு அந்தப் பள்ளியில் அதுதான் மலை. பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படவே கூடாது.

அந்த உப்பளப் பிள்ளையிடம் வரையச் சொல்லாதீர்கள், முதலில் பேசவிடுங்கள். உப்பு கடையில் பாக்கெட்டில் விளைகிறது என்று நினைக்கிற ஒரு பட்டணத்துப் பிள்ளைக்குப் புரிய வைக்கணும், சொன்னதை வரைந்தும் காட்டு என்று கேட்டுப் பாருங்கள்.

நேர்பேச்சு எழுதியது:

எல்லோருக்கும் இருக்கிறது என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்கள் வகுப்பில் ஒருத்தன் மட்டும் சாக்பீஸில் பிள்ளையார் செதுக்குவான், தும்பிக்கையில் மோதகம் வரைக்கும் தெரியும். எங்களுக்கும் அதே சாக்பீஸ், அதே வாத்தியார், அதே பிளேடுதான். எங்களுக்கு ஏன் வரவில்லை? பிறவி என்றாலே சிலருக்கு என்றுதான் அர்த்தம். மலை வரைகிற பிள்ளை மலை வரைந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் வகுத்தலை ஒழுங்காகச் சொல்லிக் கொடுங்கள் டீச்சர், நாளைக்குச் சோறு போடுவது அதுதான்.

பகிர்ந்தேன்சரியா எழுதியது:

நாசா நடத்திய ஆய்வில் 5 வயதுக் குழந்தைகளில் 98 சதவீதம் பேர் மேதைகள், பெரியவர்களில் 2 சதவீதம்தான் என்று தெரியவந்ததே! பள்ளிக்கூடம்தான் எல்லாவற்றையும் கொல்கிறது. டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ராக்கோழி எழுதியது:

அந்த 98 சதவீதம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலும் மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடும். நாசா குழந்தைகளுக்கு எந்தத் தேர்வும் வைக்கவில்லை. ஜார்ஜ் லேண்ட் என்ற நிர்வாக ஆலோசகர், நாசா பொறியாளர்களுக்காக உருவாக்கிய தேர்வையே 1968ல் 1,600 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததாகத் தன் புத்தகத்திலும் மேடையிலும் சொன்னார், அதில்தான் நாசா பெயர் ஒட்டிக்கொண்டது. வேறு ஆய்வாளர்கள் எடுத்துச் சரிபார்க்கிற விதத்தில் அந்தக் கணக்கு ஆய்விதழ் எதிலும் வந்ததில்லை. இதை வைத்துப் பள்ளிக்கூடத்தைத் தூக்கில் போட வேண்டாம்.

ஆனால் டீச்சர் நான்காம் வகுப்பு என்று சொன்னதும் எனக்கு டாரன்ஸ் நினைவு வந்தது. பால் டாரன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் படைப்பாற்றலை அளக்க ஒரு தேர்வு உருவாக்கினார், இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. ஒரு பொருளை வைத்து என்னென்ன செய்யலாம், அரைகுறையாக இருக்கும் இந்தக் கோட்டை எதுவாக மாற்றுவாய் என்கிற விதமான கேள்விகள். பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது நான்காம் வகுப்பு வாக்கில் பலருக்கு மதிப்பெண் சரிவதையும், பின்னால் நிறையப் பேருக்கு ஏறிவிடுவதையும் பார்த்தார். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதையே சொல்லவில்லை, சிலவற்றில் சரிவு வேறு வயதில், சிலவற்றில் சரிவே இல்லை.

இன்னொன்று இதைவிட சுவாரஸ்யம். ஹோவர்ட் கார்ட்னர், எல்லன் வின்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள், சின்னக் குழந்தைகளின் படமும் பெரிய ஓவியர்களின் படமும் உயிரோட்டமாக இருக்கின்றன, நடுவில் எட்டு முதல் பதினொன்று வயதுப் படங்கள்தான் பள்ளத்தில் விழுகின்றன என்றார்கள். 1990களில் கனடாவின் மான்ட்ரியாலில் வேறு ஆய்வாளர்கள் அதே விதமான படங்களை அங்குள்ள சீனச் சமூகத்தைச் சேர்ந்தவர்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். அவர்களுக்குப் பள்ளமே தெரியவில்லை, வயது கூடக் கூடப் படமும் நன்றாக ஆகிறது என்றுதான் மதிப்பெண் போட்டார்கள். ஆகவே பிள்ளையிடமிருந்து ஏதோ காணாமல் போய்விட்டது என்று நாம் பதறுவதில் பாதி நம்முடைய ரசனை. கிறுக்கலை ரசிக்கப் பழகியவர்களுக்கு நேர்த்தி சலிப்பாக இருக்கிறது, அவ்வளவே.

நேர்பேச்சுக்கு: நீங்கள் சொல்வது கைத்திறன், அதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படைப்பாற்றல் என்றதும் ஏன் படத்துக்கும் சிலைக்கும் போய் நிற்கிறோம்? நிகரகுவா கதை தெரியுமா? 1970களுக்கு முன்னால் அந்த நாட்டில் காது கேளாத பிள்ளைகள் தனித்தனியாக அவரவர் வீட்டில் கிடந்தார்கள். வீட்டாரோடு பேச ஒரு கைப்பிடி அளவு சைகை இருக்கும், பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு அது புரியாது. 1977ல் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கு ஒரு பள்ளி வந்தது, 1980ல் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி. சில வருஷத்தில் இரண்டிலுமாக நானூறு பேர் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள், பெரிதாக ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் சைகைகளைக் கலந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள், ஆசிரியர்களுக்கு அது புரியவில்லை. 1986ல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளரை அழைத்தார்கள். அவர் பார்த்தபோது அது இலக்கணத்தோடு வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு புதிய மொழி. அதிலும் பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்து வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் இன்னும் நுட்பமாக்கினார்கள்.

ஒரு மொழியையே உண்டாக்கியிருக்கிறார்கள், அவர்களில் யார் அந்த மேதை என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. அதேசமயம் வீட்டில் தனியாக இருந்தவரைக்கும் அந்தப் பிள்ளைகளில் ஒருவரால் கூட அதைச் செய்ய முடியவில்லை. எல்லோருக்கும் இருக்கிறதா என்றால் இருக்கிறது. தானாக வளருமா என்றால், கூட நாலு பேர் வேண்டும், பேச விஷயம் வேண்டும், மேலே ஒருத்தர் நின்று திருத்திக்கொண்டே இருக்கக் கூடாது.

உப்புக்காற்று எழுதியது:

பென்சில்சீவி சார், ராக்கோழி, இரண்டு பேருக்கும் நன்றி. கூரை கழற்றுவதை வரும் வெள்ளிக்கிழமை செய்து பார்க்கிறேன். நேர்பேச்சு சார், வகுத்தல் நடந்துகொண்டுதான் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு கேள்வி. குடியரசு தினத்துக்குப் பள்ளியில் ஓவியப் போட்டி வைக்கலாம், முதல் மூன்று பேருக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு ஊக்கம் வரும் என்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர். நல்ல மனுஷர், சொந்தக் காசில் வாங்கித் தருகிறேன் என்கிறார். நீங்கள் சொன்னதை எல்லாம் படித்த பிறகு எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பரிசு தப்பா?

டிபன்பாக்ஸ் எழுதியது:

அக்கா, பரிசைப் பற்றி என்றதால் வந்தேன். என் மகள் போன ஒரு வகுப்பில் படத்துக்கு ஒரு ஸ்டார் ஸ்டிக்கர் என்று வைத்திருந்தார்கள், பத்து ஸ்டாருக்கு ஒரு சாக்லேட். இவள் ஒரே பூவை நாலு தாளில் வரைந்து நாலு ஸ்டார் வாங்கிக்கொண்டு வந்தாள். கணக்கில் கெட்டி என்று சந்தோஷப்படுவதா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். 1973ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நர்சரியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த ஆய்வு இது. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள், ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரைகிற பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்தார்கள். ஒரு குழுவுக்கு "வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு திடீரென்று அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாவைச் சும்மா வைத்துவிட்டு யார் எவ்வளவு நேரம் எடுத்து வரைகிறார்கள் என்று மறைவாக இருந்து பார்த்தார்கள். முன்கூட்டியே பரிசு பேசி வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுக்குத்தான் வரைந்தார்கள். திடீர் பரிசு வாங்கியவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதாவது கெடுத்தது பரிசு இல்லை, பேரம்.

தெரேசா அமபிலே என்ற ஆய்வாளர் 1982ல் ஏழிலிருந்து பதினொரு வயதுப் பெண் பிள்ளைகளை வைத்து வண்ணக் காகிதம் ஒட்டிப் படம் செய்யச் சொன்னார். ஒரு கூட்டத்துக்கு "நல்லா செஞ்சவங்களுக்குப் பரிசு", இன்னொரு கூட்டத்துக்கு அதே பரிசு, ஆனால் குலுக்கலில். யார் எந்தக் கூட்டம் என்று தெரியாத ஓவியர்கள் மதிப்பிட்டபோது குலுக்கல் பிள்ளைகளின் படங்கள்தான் அதிகப் படைப்பூக்கத்தோடு இருந்தன.

அதனால் உங்கள் தலைமை ஆசிரியரிடம் அந்தக் காசை மிச்சம் பிடிக்கச் சொல்ல வேண்டாம் அக்கா. மூன்று ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பதில் வகுப்புக்குப் பொதுவாக ஸ்கெட்ச் பேனாவும் தாளும் வாங்கச் சொல்லுங்கள். போட்டி என்று பெயர் வைக்காமல் எல்லாப் படத்தையும் ஒரு கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, குடியரசு தினத்துக்கு வருகிற பெற்றோரைப் பார்க்கச் சொல்லுங்கள். தன் படத்தைப் பற்றிப் பிள்ளையே பக்கத்தில் நின்று சொல்லட்டும்.

ஊடுபுள்ளி எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், எல்லோரும் "சொல்லிக் கொடுக்காதே, விட்டுவிடு, தானாக வரும்" என்ற பக்கமே சாய்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

நான் கோலம் கற்றுக்கொண்டது அச்சு அசலாகப் பார்த்துப் போட்டுத்தான். அப்பாயி ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார், ஊடுபுள்ளி 15 வைத்து 8ல் நிறுத்து, இந்தக் கம்பி இதைச் சுற்றி இப்படித் திரும்பணும் என்று. ஒரு கோடு மாறினால் அழித்துவிட்டு மறுபடி. வருஷக் கணக்கில் காப்பிதான். அப்புறம் ஒரு மார்கழியில் எதிர்வீட்டுக்காரர் வண்டியை எங்கள் வாசலில் பாதி மறைக்கிற மாதிரி நிறுத்திவிட்டுப் போய்விட்டார், 15 புள்ளிக்கு இடமில்லை. 11 வைத்து அதே சிக்குக்கோலத்தைப் போடப் பார்த்தால் கம்பி கூட மாட்டேன் என்கிறது, ஒரு ஓரத்தில் நுனி தொங்குகிறது. ஒரு புள்ளியை விட்டு இன்னொன்றைச் சுற்றி வளைத்து எப்படியோ மூட வைத்தேன். பார்த்தால் அந்த நோட்டில் இல்லாத கோலம். இந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்கு இப்படி ஒரு கோலமாவது இருக்கும், யாரும் அதைப் படைப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை, காலையில் போட்டதைச் சாயங்காலம் பெருக்கித் தள்ளிவிடுவார்கள்.

கோலத்தின் விதி கடுமையானது. எல்லாப் புள்ளியும் சிக்க வேண்டும், நுனி தொங்கக் கூடாது, நாலு பக்கமும் ஒத்து வர வேண்டும். 1974லேயே தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி அறிவியல் பாணியில் இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை போட்டிருக்கிறார்கள். விதி அவ்வளவு இறுக்கமாக இருப்பதால்தான் ஒன்றை மாற்றினால் மொத்தமும் புதுசாகப் பிறக்கிறது. வெற்றுத் தாளைக் கொடுத்து "இஷ்டம்" என்றால் பெரியவர்களே முழிப்பார்கள்.

அதனால் டீச்சர், மலையை ஏன் துரத்துகிறீர்கள்? எல்லாருக்கும் கைவந்த ஒன்று கையில் இருக்கிறது, அதில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். அதே படம், ஆனால் ராத்திரி பதினொரு மணி. அதே படம், ஆற்றில் மூன்று நாளாக வெள்ளம். அந்தக் குடிசைக்குள்ளிருந்து ஜன்னல் வழியே பார்த்தால் என்ன தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது. சூரியனை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பாய்.

பென்சில்சீவி எழுதியது:

ஊடுபுள்ளி, நல்ல அடி. "மலைக்கு அந்தப் பக்கம்" என்பதைத் திங்கட்கிழமையே என் வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொன்னதில் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்பாயி நோட்டைக் கொடுத்தார், 11 புள்ளிக்கு எப்படி மூடுவது என்று சொல்லித் தரவில்லை அல்லவா? 2011ல் எலிசபெத் பொனாவிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டுச் சாமானைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதில் கீச்சென்று சத்தம் போடுவது, விளக்கு எரிவது என்று பல வித்தை ஒளிந்திருக்கும். பெரியவர் ஒருவர் "பார், இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒரு வித்தையை மட்டும் முறையாகக் காட்டியபோது பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்றதைத் தேடவில்லை. கை தவறிப் பட்ட மாதிரி காட்டிய இடத்தில் பிள்ளைகள் சாமானைக் குடைந்து மற்ற வித்தைகளையும் கண்டுபிடித்தார்கள். கரிக்கோலை எப்படிப் பிடிப்பது, இரண்டு கலரைக் கலந்தால் என்ன வரும், இதையெல்லாம் தாராளமாகச் சொல்லித் தரலாம், தரத்தான் வேண்டும். "இதற்கு இதுதான்" என்று முடித்துவிடாமல் பாதியில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாத்தியாருக்கு அதுதான் கஷ்டம்.

நேர்பேச்சு எழுதியது:

நிகரகுவா விஷயம் எனக்குத் தெரியாது, யோசிக்க வைத்தது. ஆனாலும் சாக்பீஸ் பிள்ளையாருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

உப்புக்காற்று எழுதியது:

வெள்ளிக்கிழமை கூரையைக் கழற்றினோம். இரண்டு பேர் கூரையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் மலையையும் சூரியனையும் பத்திரமாக வைத்துவிட்டார்கள், ராத்திரி என்று நான் சொன்னதை யார் கேட்டது. மற்றவர்கள் வரைந்ததில் எனக்கே தெரியாத பிள்ளைகள் தெரிந்தார்கள். ஒரு பையன் வீட்டுக்குள் ஆறு ஆடு படுத்திருந்தது, மனிதர்கள் திண்ணையில்.

பென்சில்சீவி சார் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருத்தன் தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவனும் அம்மாவும் இப்போது சித்தி வீட்டில் இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டைக் கேட்பதற்கு முன்னால் வீட்டைப் பற்றித் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இனிமேல் இரண்டு கேள்வி வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அவன் கடைசியில் பஸ்ஸில் நின்றதை எடுத்துக்கொண்டு, தாள் முழுக்க ஒரே ஒரு முழங்கையை வரைந்து கொடுத்தான்.

உப்பளப் பிள்ளை ஒரு தாள் போதாது என்று மூன்று தாளை ஒட்டிப் பாத்தி பாத்தியாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள், இன்னும் முடிக்கவில்லை, பக்கத்தில் இரண்டு பேர் உதவிக்கு வேறு. தண்ணீர் பாத்திக்குப் பாத்தி நிறம் மாறும், இந்தப் பென்சிலில் அந்த ரோஸ் வரவில்லை என்று புலம்புகிறாள். பரிசு வேண்டாம், பொருளாக வாங்கிக் கொடுங்கள் என்றதற்குத் தலைமை ஆசிரியர் சரி என்றுவிட்டார், ஆனால் அடுத்த மாதம்தான் கைக்கு வரும். அதுவரைக்கும் செலவில்லாமல் கலருக்கு என்ன வழி?

செங்காவி எழுதியது:

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்தால் மஞ்சள், அதில் சுண்ணாம்பு துளி சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. செங்கல்லைப் பொடித்து மெல்லிய துணியில் சலித்தால் காவி. அடுப்புக்கரியை அப்படியே கையில் கொடுக்கலாம், பொடித்தும் கரைக்கலாம். பச்சைக்கு ஏதாவது தழையைக் கசக்கித் தாளில் நேராகத் தேய்ப்பதுதான் சுலபம். செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டு எடுத்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், தண்ணீர் கூட்டினால் அவள் கேட்கிற ரோஸ் பக்கம் வரும், சோப்புத் தண்ணீர் விட்டால் வேறு நிறத்துக்குப் போகும், எவ்வளவு விட்டால் எந்த நிறம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

தாளில் உதிராமல் ஒட்டுவதற்குக் கருவேலம் பிசினை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு வடிகட்டிக் கலந்துகொள்ளுங்கள். பிரஷ்ஷுக்கு ஈச்சங்குச்சி நுனியைக் கல்லில் தட்டி நாராக்கினால் போதும். தாளுக்குப் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம், கெட்டியாக இருக்கும், ஈரம் தாங்கும். சுண்ணாம்பை மட்டும் நீங்களே கலந்து கொடுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதால் கயிற்றில் தொங்கவிடும்போது வராந்தாவுக்கு உள்பக்கமாகக் கட்டுங்கள். பிசின் கலந்த கலரைக் குறைவாகக் கரையுங்கள், மிச்சம் வைத்தால் இரண்டு நாளில் நாற்றமெடுத்துவிடும்.